லோர்னாவுக்கு வந்த நூறு சொல்

யாராவது பாதியில் கழன்றுகொண்டால் முதலில் கை தூக்குகிறவள் லோர்னா பிக்கரிங்தான். ஆறு வருடங்களில் ஒன்பது முறை, பிறர் விட்டுவிட்டுப் போன கதையை அவள் எழுதிக் கொடுத்திருக்கிறாள். கேட்டது யார், என்ன கேட்டிருக்கிறார்கள் என்றெல்லாம் பார்க்கமாட்டாள். 'எனக்குக் கொடு' என்று பதில் போட்டுவிட்டுத்தான் கடிதத்தையே திறப்பாள். முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒட்டிக்கொள்ளும் கெட்ட பழக்கம் இது. மணி அடித்தால் எந்த அறை என்று தெரிவதற்கு முன்பே கால் தரையில் ஊன்றிவிடும்.

கதை என்றால் பெரிய கதை இல்லை. நூறு சொல். தொண்ணூற்றொன்பது இருந்தால் திரும்பி வரும், நூற்றொன்று இருந்தாலும் திரும்பி வரும். 'ஒன்பதாம் படித்துறை' என்று ஒரு தொலைக்காட்சித் தொடர் எழுபதுகளின் கடைசியில் இரண்டு வருடம் ஓடி, கதை முடியாமலே நின்றுபோனது. உயிர்காப்புப் படகுக்காரர்களின் கதை. அதை மறக்க முடியாத நாற்பது பெண்கள் உலகத்தின் பல மூலைகளில் இருந்தார்கள். அதிகமும் ஐம்பதைத் தாண்டியவர்கள். இணையத்தில் ஒருவரையொருவர் கண்டுபிடித்து, அந்தத் தொடரின் மனிதர்களை வைத்து ஆளுக்கொரு கதையாக எழுதிக்கொண்டிருந்தார்கள்.

ஒவ்வொரு அக்டோபரிலும் அவர்களுக்குள் ஒரு மாற்று நடக்கும். தனக்கு எப்படிப்பட்ட கதை வேண்டும் என்று ஒவ்வொருத்தியும் எழுதி அனுப்ப வேண்டும். ஸ்வான்சீயில் இருக்கும் க்வெண்டா பிரிச்சர்ட் எல்லாவற்றையும் குலுக்கிப்போட்டு, ஒருத்தி கேட்டதை இன்னொருத்தியிடம் ஒப்படைப்பாள். யார் யாருக்கு எழுதுகிறார்கள் என்பது க்வெண்டாவுக்கு மட்டும் தெரியும். நவம்பரில் ஒரு நாள் எல்லாக் கதைகளும் அவர்களுடைய இணையதளத்தில் பெயரில்லாமல் ஏறும். ஒரு வாரம் எல்லோரும் இது அவளா, அது இவளா என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள். பிறகு பெயர்கள் வெளியே வரும்.

லோர்னாவுக்கு அந்தக் கூட்டத்தில் 'நீர்க்காகம்' என்று பெயர். நேரில் யாரையும் பார்த்ததில்லை. க்வெண்டாவுடன் மட்டும் சனிக்கிழமைகளில் தொலைபேசியில் பேசுவாள்.

அவள் மீன்பிடித் துறைமுகமான கிரிம்ஸ்பியில் பிறந்தவள். பதினாறு வயதில் மீன் தொழிற்சாலையில், மீன்களைச் சுமந்து ஓடும் பட்டைக்கு முன்னால் நின்றாள். நாற்பது வயதில் கை விரல்கள் குளிரில் மடங்காமல் போனபோது முதியோர் இல்லத்துக்கு மாறினாள். அங்கே சூடு இருந்தது, அவ்வளவுதான் காரணம். படித்தாள், பரீட்சை எழுதினாள், ஆளைத் தூக்கும் பொறியை ஓட்டக் கற்றாள், கூடவே கணினியையும் கற்றுக்கொண்டாள். கணவன் டெனிஸ் துறைமுகத்தில் மீன் இறக்குகிறவன். ஐந்து வருடத்துக்கு முன்னால் குளியலறையில் விழுந்தான். பக்கவாதம். இடப்பக்கம் போய்விட்டது. வாய் கொஞ்சம் குழறும், ஆனால் நிற்காது. காலை ஏழிலிருந்து ஒரு மணி வரை லோர்னா மற்றவர்களைத் திருப்பிப் படுக்கவைப்பாள். பிறகு வீட்டுக்கு வந்து தன்னுடையவனைத் திருப்பிப் படுக்கவைப்பாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. ஐந்து வருடத்தில் டெனிஸின் உடம்பில் ஒரு படுக்கைப் புண் வந்ததில்லை. காலையில் அவள் இல்லாதபோது வந்து பார்க்கும் தாதி இதை எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்படுவாள். லோர்னாவுக்கு இதில் பெருமை ஒன்றும் இல்லை. புண் வந்தால் வேலை இரட்டிப்பாகும்.

அந்த நாற்பது பெண்களுக்கும் டெனிஸைப் பற்றித் தெரியும். அதுதான் தொந்தரவு. ஒருமுறை, ஏன் கதை தாமதம் என்பதற்கு லோர்னா காரணம் சொல்லப்போக, அன்றிலிருந்து அவள் அவர்களுடைய புனிதவதி ஆகிவிட்டாள். 'உங்களை நினைத்தால் கண் கலங்குகிறது' என்று எழுதுவார்கள். கலங்கட்டும், அதில் தப்பில்லை. ஆனால் அவளுக்கு வருகிற கதைகளும் அதே மாதிரி வர ஆரம்பித்தன. தொடரில் ஐவி என்று ஒருத்தி உண்டு. படகு விபத்தில் இடுப்புக்குக் கீழே விளங்காமல் போன அண்ணன் எட்வினைப் பார்த்துக்கொள்கிறவள். லோர்னா என்ன கேட்டாலும் ஐவி எட்வினுக்குப் போர்வை போர்த்துகிற கதைதான் வரும். ஐவி சூப் ஊட்டுவாள். எட்வின் அவள் கையைப் பிடித்துக்கொள்வான். சாயங்கால வெயில் ஜன்னல் வழியே விழும். ஆறு வருடத்தில் ஐந்து போர்வை வந்துவிட்டது. எந்த ஐவியும் எந்த எட்வினுக்கும் ஒருமுறைகூட மலம் துடைக்கவில்லை.

இந்த வருடம் லோர்னாவுக்கு வேறொன்று வேண்டியிருந்தது. மனதுக்குள் அதை வருடக்கணக்காக வைத்திருந்தாள். தானே எழுதிக்கொள்ளலாமே என்றால், அது தன் முதுகைத் தானே தேய்ப்பது மாதிரி. கை எட்டாத இடம் எட்டாததுதான். வேறு ஒருத்தி உட்கார்ந்து, யோசித்து, அதை அவளுக்குச் செய்து தர வேண்டும். ஆனால் நீர்க்காகம் என்ற பெயரில் அதைக் கேட்க முடியாது. கேட்டால் நாற்பது பேரும் டெனிஸைத்தான் நினைப்பார்கள்.

அதனால் 'சாம்பல்கோட்டு' என்று இன்னொரு பெயரில் ஒரு கணக்கைத் திறந்தாள்.

அந்தக் கூட்டத்தில் இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. ஒருவருக்கு ஒரு பெயர். முன்னொரு காலத்தில் கனடாக்காரி ஒருத்தி இரண்டாவது பெயரில் வந்து தன் கதைகளைத் தானே புகழ்ந்து, பிடிபட்டு, விரட்டப்பட்டாள். இன்றைக்கும் அவள் பேரைத் தொற்றுநோய் மாதிரிதான் சொல்வார்கள். லோர்னா புகழ வரவில்லை, கேட்கத்தான் வந்தாள். ஆனால் பிடிபட்டால் அந்த வித்தியாசத்தை யார் நின்று கேட்பார்கள்? அவள் நியாயமாகவே நடந்துகொண்டாள். இரண்டு பெயருக்கும் விழுந்த இரண்டு கதைகளையும் முதல் வாரத்திலேயே எழுதி அனுப்பிவிட்டாள். நீர்க்காகமாக, 'ஐவி தேநீர் போடுவது மாதிரி எதுவானாலும் சரி' என்று கேட்டாள். சாம்பல்கோட்டாக இப்படிக் கேட்டாள்:

'எட்வினை விட்டுவிட்டு ஐவி போக வேண்டும். திரும்பி வரக் கூடாது. யாரும் அவளைத் திட்டக் கூடாது. அவளுக்கு நோய் கொடுத்துச் சாகடிக்கக் கூடாது. அவள் போகிறாள். அவ்வளவுதான்.'

பிறகு காத்திருந்தாள். இல்லத்தில் கிழவர்களுக்குச் சவரம் செய்யும்போது காத்திருந்தாள், மருந்துத் தள்ளுவண்டியைத் தள்ளும்போது காத்திருந்தாள். எங்கேயோ ஒருத்தி தனக்காக, வீட்டைவிட்டுக் கிளம்பும் ஐவிக்குக் கோட்டு மாட்டிவிடுகிறாள் என்ற நினைப்பு சட்டைப்பையில் சூடான உருளைக்கிழங்கு வைத்திருப்பது மாதிரி இருந்தது. அந்த மாதத்தில் டெனிஸின் மேல் எரிந்து விழவே இல்லை. அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"என்ன, ரொம்ப நல்லவளா இருக்க? டாக்டர் ஏதாவது சொன்னாரா? நான் போகப்போறேனா?"

"நீ எங்க போற. வாயத் திற."

கதைகள் ஏறவேண்டிய செவ்வாய்க்கிழமைக்கு முந்தைய சனிக்கிழமை, மத்தியானம் மூன்று மணி. டெனிஸ் வானொலியில் பந்தாட்டம் கேட்டுக்கொண்டிருந்தான். லோர்னா சமையலறையில் தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். மறுமுனையில் க்வெண்டா. பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருடம் தலைமை பார்த்தவள். தொலைபேசியிலும் நானூறு பிள்ளைகளுக்குக் கேட்கிற குரலில்தான் பேசுவாள்.

"அம்மாடி, ஒருத்தி கழண்டுக்கிட்டாடி."

"எனக்குக் குடு."

"என்ன ஏதுன்னு கேளேன்."

"குடுக்கத்தானே கூப்பிட்ட? குடு."

"அதான் என் தங்கம். ஆனா இது கொஞ்சம் வில்லங்கம் பாத்துக்க. ஒருத்தி இல்ல, மூணு பேரு கை மாறிருச்சு. மொத ஆளு ரெண்டு வாரம் வச்சிருந்துட்டு எனக்குத் தலைவலின்னா. ரெண்டாவது அந்த அமெரிக்காக்காரி, நர்சு வேற, படிச்சதும் குமட்டுதுன்னு திருப்பிட்டா. மூணாவது ஆளு பதிலே போடல. அப்பிடி ஒரு பைத்தியம் பிடிச்ச பேயி கேட்டிருக்கு."

"என்ன கேட்டிருக்கு?"

"இரு, படிக்கிறேன். மூக்குக்கண்ணாடி எங்க... ஆங். கேளு."

க்வெண்டா தொண்டையைச் சரிசெய்துகொண்டு, சீமாட்டி மாதிரிக் குரலை இழுத்துப் படித்தாள். "'எட்வினை விட்டுவிட்டு ஐவி போக வேண்டும்! திரும்பி வரக் கூடாது! யாரும் அவளைத் திட்டக் கூடாது!' கேட்டியா? மகாராணி உத்தரவு. திட்டக்கூடக் கூடாதாம்!"

லோர்னா வெண்ணெய்க் கத்தியைக் கீழே வைத்தாள். மூன்று பேர். மூன்று பேர் இதைப் படித்துவிட்டு, கை கழுவிக்கொண்டு போயிருக்கிறார்கள். இந்த ஒரு மாதமாக யாரும் யாருக்கும் கோட்டு மாட்டிவிடவில்லை.

"யாரு அது?" என்றாள்.

"சாம்பல்கோட்டாம். புதுசு. என்னக் கேட்டா சின்னப் பொண்ணுதான். இருபது இருபத்தி ரெண்டு இருக்கும். ஒரு கெழத்தையும் குளிப்பாட்டியிருக்க மாட்டா. நம்மள மாதிரிப் பட்டவங்களுக்குத்தானே தெரியும்."

"நீ எப்ப பட்ட?"

"எங்கம்மாவ மூணு வாரம் வச்சிருந்தேனே!"

"ஆமா, மறந்துட்டேன்."

"நக்கலா? மூணு வாரம்னா சும்மாவா? என் இடுப்பு இன்னும் நேராகல. சரி விடு. இதத் தூக்கிக் குப்பையில போட்டுருப்பேன். ஆனா யாரும் வெறுங்கையோட போகக் கூடாதுன்னு நாமதானே விதி வச்சோம். உன்ன விட்டா எனக்கு ஆளில்லடி. திங்கட்கெழம காலையில அனுப்பிருவியா?"

வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னால் கதையே கிடையாது. அது நான்தான் என்றும் சொல்லலாம். சொன்னால் கனடாக்காரிக்குப் பக்கத்தில் இன்னொரு பெயர் சேரும். சனிக்கிழமைத் தொலைபேசியும் நிற்கும்.

"அனுப்பறேன்," என்றாள் லோர்னா.

முன்னறையிலிருந்து டெனிஸ் கேட்டான். "யாரு, ஸ்வான்சீ சங்கா? என்ன ஊதுது?"

"வேலை குடுத்திருக்கா."

"உனக்கு வேலை பத்தலன்னு யாரு அவகிட்ட சொன்னா? ரொட்டி எங்க? நம்ம பசங்க ரெண்டு கோல் வாங்கிட்டானுங்க, எனக்கு ரொட்டியும் கெடையாதா?"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டெனிஸைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டு, மடிக்கணினியைச் சமையல் மேசையில் வைத்து உட்கார்ந்தாள். எழுத வராது என்றுதான் நினைத்தாள். ஆனால் வந்தது. நாற்பது நிமிடத்தில் வந்தது. எண்ணிப் பார்த்தாள், நூற்று நான்கு. நான்கைக் கழித்தாள்.

'ஐவி எட்வினைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் படுக்க வைத்தாள். முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே ஒன்று. தண்ணீர் கைக்கு எட்டும் தூரத்தில். மணி நான்கு. ஆறு மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரி வருவாள். அவளிடம் சாவி இருக்கிறது.

"எங்கே போற?" என்றான் எட்வின்.

"வெளியே."

"எப்ப வருவ?"

அவள் கோட்டின் பொத்தான்களைக் கீழிருந்து மேலாகப் போட்டாள். பொய் சொல்லியே பழகிய வாய் இந்த ஒரு முறை சும்மா இருந்தது.

கதவு. படி. தெரு. மீன் சந்தையில் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தண்ணீர் அவள் காலணியை நனைத்தது. யாரும் அவளை எங்கே என்று கேட்கவில்லை. ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவன் மட்டும் கேட்டான்: "போக வர ரெண்டுக்குமா, போக மட்டுமா?"

"போக மட்டும்," என்றாள் ஐவி.

ரயிலில் ஜன்னலோர இடம் கிடைத்தது. இரண்டு மணி நேரம் ஆனதும் கைகள் தாமாக யாரையோ திருப்பப் போயின. அவற்றை மடியில் வைத்து, அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.'

லோர்னா அழவில்லை. பசித்தது. மிச்சமிருந்த ரொட்டியைச் சுட்டு, பன்றி இறைச்சித் துண்டு இரண்டை நடுவில் வைத்துச் சாப்பிட்டாள். தானே எழுதியதுதான். ஆனாலும் வேறு யாருக்கோ என்று சொல்லி எழுதியதால், யாரோ எழுதியது மாதிரியும் கொஞ்சம் இருந்தது. போர்வை போர்த்தாத முதல் கதை. க்வெண்டாவுக்கு அனுப்பிவைத்தாள். செவ்வாய்க்கிழமை இது சாம்பல்கோட்டின் பெட்டிக்கு வந்து சேரும்போது, புதிதாகப் பார்க்கிறவள் மாதிரித் திறந்து படிக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டாள்.

திங்கட்கிழமை அவள் வேலையிலிருந்து வந்து கோட்டைக் கழற்றுவதற்குள் தொலைபேசி அடித்தது.

"லோர்னா, இத நீயா எழுதின?"

"பின்ன?"

"எண்ணிட்டேன், நூறு சரியா இருக்கு. நல்லாவும் இருக்கு, அத இல்லன்னு சொல்லல. எனக்கு முதுகுத்தண்டுல சில்லுன்னுச்சு. ஆனா அம்மாடி, இத ஏத்த முடியாதுடி."

"ஏன் முடியாது? கேட்டது இதுதானே?"

"கேட்டவ யாரோ ஒருத்தி. கேட்டுட்டுப் போயிருவா. நீ நீயாச்சே! அடுத்த வாரம் பேர் வெளிய வரும்போது, நீர்க்காகம்னு இதுக்கு அடியில நிக்கும். நாப்பது பேரும் என்ன நெனப்பாங்க?"

"என்ன நெனப்பாங்க?"

மறுமுனையில் க்வெண்டா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவது கேட்டது.

"டெனிஸு எப்பிடி இருக்காரு?" என்றாள் க்வெண்டா. குரல் மாறியிருந்தது. விசாரிக்கிற குரல். "அங்க எல்லாம் சரியாத்தானே இருக்கு? யாராவது வந்து பாத்தா உனக்கு ஒத்தாசையா இருக்குமா?"

இந்தக் குரல் லோர்னாவுக்குத் தெரியும். இல்லத்தில் ஒரு மகளோ மகனோ ஒரு மாதிரியாகப் பேசினால், தாதிகள் தங்களுக்குள் கண்ணைக் காட்டிவிட்டு இந்தக் குரலில்தான் ஆரம்பிப்பார்கள். பிறகு கோப்பில் ஒரு வரி எழுதுவார்கள். அவளே எழுதியிருக்கிறாள்.

"டெனிஸ் நல்லாத்தான் இருக்கான். சனிக்கெழம ரெண்டு கோலுக்கு அழுதான். கதைதானே க்வெண்டா இது."

"கதைதான், கதைதான். நான் வேற என்ன சொன்னேன்? கடைசியில மட்டும் மாத்திரு. டிக்கெட் ஜன்னல் வரைக்கும் போகட்டும். போயிட்டு வீட்டுக்கு வந்துரட்டும். அதுல இன்னும் பாரம் இருக்கு. இருபது சொல்லுதானே, உனக்கு அஞ்சு நிமிஷ வேலை."

"வரக் கூடாதுன்னு எழுதியிருக்காளே."

"அவ எழுதுவா! வீட்டுக்கு வந்தாத்தான் அவ ஐவி. இல்லன்னா அவ யாரு?"

லோர்னா தொலைபேசியை வைத்தாள். டெனிஸ் திட்டுவான், இல்லத்தில் கிழவர்கள் திட்டுவார்கள், மேலாளர் குறை எழுதுவாள். அவளிடம் நல்ல வார்த்தை சொல்கிறவர்கள் இந்த உலகத்தில் அந்த நாற்பது பேர்தான். அவள் அந்த நாற்பதையும் ஐவியையும் எடை போட்டுப் பார்த்தாள். ஐவி வெறும் இருபத்து மூன்று சொல்.

மேசையில் உட்கார்ந்து அந்த இருபத்து மூன்றையும் அழித்தாள். வேறு இருபத்து மூன்றைத் தட்டினாள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

'"எதுவும் வேண்டாம்," என்றாள் ஐவி. ரயில் வந்தது, போனது. அவள் திரும்பி நடந்தாள். மணி ஆறாக இன்னும் கால்மணி இருந்தது. எட்வின் விழித்தே இருந்தான்.

"வந்துட்டியா?"

"நான் எங்கே போகப்போறேன்," என்றாள்.'

செவ்வாய்க்கிழமை கதைகள் ஏறின. லோர்னா மத்தியானம் வந்து பார்த்தபோது அந்தக் கதையின் அடியில் முப்பத்தொரு பேர் எழுதியிருந்தார்கள். வேறு எந்தக் கதைக்கும் பத்தைத் தாண்டவில்லை. அலுவலகத்தில் உட்கார்ந்து அழுதேன் என்று ஒருத்தி. கடைசி வரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டது என்று இன்னொருத்தி. குமட்டுகிறது என்று திருப்பிக் கொடுத்த அமெரிக்கத் தாதியும் வந்திருந்தாள். 'இதை எழுதியவர் உண்மையான அன்பு என்றால் என்னவென்று தெரிந்தவர். கேட்டவருக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது' என்று எழுதியிருந்தாள். அதற்கு அடியில் பதினொரு பேர் ஆமாம் போட்டிருந்தார்கள்.

சாம்பல்கோட்டின் பெட்டியில் ஒரே ஒரு கடிதம் இருந்தது. 'உங்களுக்காக ஒரு கதை வந்திருக்கிறது.' அவள் அதைத் திறந்தாள், முழுவதும் படித்தாள். ஆறாவது போர்வை. இந்தத் தடவை தன் கையாலேயே தைத்தது.

கதை வாங்கியவர்கள் எழுதியவர்களுக்கு ஒரு வாரத்துக்குள் நன்றி சொல்ல வேண்டும். அந்த மாற்றில் அது எழுதாத சட்டம் இல்லை, எழுதிய சட்டம். நன்றி சொல்லாதவளை அடுத்த வருடம் சேர்க்கமாட்டார்கள். லோர்னா புதன்கிழமை உட்கார்ந்து 'மிக்க நன்றி' என்று தட்டினாள். அழித்தாள். வெள்ளிக்கிழமை 'நன்றி, கேட்டது இதுதான்' என்று தட்டினாள். அதையும் அழித்தாள். இருபது வருடமாகக் கண்டவர்களுடைய கழிவையெல்லாம் துடைத்துவிட்டு, முகம் மாறாமல் 'இதெல்லாம் ஒன்றுமே இல்லை' என்று சொல்லத் தெரிந்தவள் அவள். இந்த இரண்டு சொல்லைத் தட்ட மட்டும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெட்டியை மூடினாள், அதற்குப் பிறகு திறக்கவில்லை.

பெயர்கள் வெளியே வந்தன. நீர்க்காகம் என்று தெரிந்ததும் இருபது பேர் மறுபடியும் வந்து அழுதார்கள். 'நீங்களாகத்தான் இருக்க முடியும்' என்றார்கள். லோர்னா ஒவ்வொருவருக்கும் பதில் போட்டாள். அவர்களுக்கு நன்றி சொல்வதில் சிரமம் இருக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை க்வெண்டா கூப்பிட்டாள்.

"அந்தச் சாம்பல்கோட்டு உனக்கு ஒரு வார்த்தை எழுதினாளா?"

"இல்ல."

"பாத்தியா! பதினோரு நாளாச்சு. மூணு கடிதம் போட்டேன், மூச்சே காணோம். என்ன திமிரு பாரு. உன்ன மாதிரி ஒருத்தி, ஆயிரம் வேலைக்கு நடுவுல உக்காந்து எழுதிக் குடுத்திருக்கா, ஒரு நன்றி சொல்ல வாய் வரல. பேர எடுத்துட்டேன். இனிமே அவளுக்கு நம்ம எடத்துல எடமில்ல. சரிதானே?"

"சரிதான்."

"நீ மனசுல வச்சுக்காத."

"வச்சுக்கல."

"அடுத்த வருஷமும் இருப்பல்ல? உன்ன நம்பித்தான்டி நான் இத நடத்துறேன்."

"நான் எங்க போகப்போறேன்," என்றாள் லோர்னா. சொன்ன பிறகுதான் வாயிலிருந்து வந்தது என்னவென்று அவளுக்குக் கேட்டது. க்வெண்டா கவனிக்கவில்லை. இடுப்பு வலியைப் பற்றிச் சொல்லத் தொடங்கியிருந்தாள்.

தொலைபேசியை வைத்துவிட்டு டெனிஸுக்குத் தேநீர் கொண்டுபோனாள். தண்ணீராகக் கொடுத்தால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்பதால் அதில் கெட்டிப்பொடி கலந்திருந்தது. அவன் தலையை முன்னால் சாய்த்து, முகவாயைத் தாழ்த்திப் பிடித்து, கரண்டியை நீட்டினாள்.

"சங்கு என்ன சொல்லுது?"

"ஒருத்தி நன்றி சொல்லலையாம். வெளிய அனுப்பிட்டாங்க."

டெனிஸ் விழுங்கினான். அவன் முழுதாக விழுங்கும் வரை அவள் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா வேணும்," என்றான்.

"ஆமா," என்று சொல்லி லோர்னா அடுத்த கரண்டியை எடுத்தாள்.